'வெள்ளம் வேணோ?'

கேள்வி: என் மகனுக்கு மூன்றரை வயது. ஆட்டிசம் என்று போன மாதம் சொன்னார்கள். வீட்டில் தமிழ், அங்கன்வாடியில் மலையாளம். தாகம் எடுத்தால், டீச்சர் கேட்பது போலவே 'வெள்ளம் வேணோ?' (தண்ணீர் வேணுமா?) என்று என்னிடம் கேட்கிறான். மற்றதற்கெல்லாம் கையைப் பிடித்து இழுத்துப் போகிறான். இரண்டு மொழி கேட்டுக் குழம்பிவிட்டான், இனி தமிழ் பேசாதே என்கிறார் மாமியார். என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: தமிழை நிறுத்தாதீர்கள் அம்மா. இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் வராது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு அதனால் பேச்சு பின்தங்குவதாகவும் ஆய்வுகளில் தெரியவில்லை. உங்களுக்குக் கொஞ்ச வருவது தமிழில்தான். அதை விட்டுவிட்டுத் தட்டுத்தடுமாறி மலையாளம் பேசினால், அவனிடம் நீங்கள் பேசுவதே குறைந்துபோகும்.

அந்த 'வெள்ளம் வேணோ?' எனக்கு மிகவும் சந்தோஷம் தருகிறது. டீச்சர் அப்படிக் கேட்டதும் தண்ணீர் வருவதைக் கவனித்து, அந்த வாக்கியத்தை முழுசாக எடுத்து வைத்திருக்கிறான். அது அவன் கேட்கிற விதம். 1943-இல் ஆட்டிசம் பற்றி மனநல மருத்துவர் லியோ கானர் எழுதிய கட்டுரையிலும் இப்படிப் பேசிய பிள்ளைகள் வருகிறார்கள். தம்ளரை நீட்டும்போது அவன் சொல்ல வேண்டியதை நீங்கள் சொல்லுங்கள்: 'தண்ணி வேணும்.' சொன்னால்தான் தருவேன் என்று மட்டும் பிடித்து வைக்காதீர்கள்.

கையை இழுப்பதும் பேச்சுதான். முறுக்கு டப்பா முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறானா? மூடியில் கை வைத்து, 'திற...' என்று சொல்லி நிறுத்தி, மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். ஒரு பார்வை, ஒரு முனகல், மூடியில் ஒரு தட்டு, எது வந்தாலும் சரி. 'திற!' என்று சொல்லி உடனே திறந்துவிடுங்கள். எதுவும் வராவிட்டாலும் திறந்து கொடுங்கள். 'இது என்ன? அது என்ன கலர்?' என்று நாள் முழுக்கப் பரீட்சை வைப்பதைத்தான் என்னால் பார்க்கச் சகிக்கவில்லை. அவன் மூடியைச் சுற்றிக்கொண்டிருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து 'சுத்துது, சுத்துது' என்று நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள்.

வேண்டியதைப் படத்தில் காட்டிக் கேட்க அவனைப் பழக்கினால் வாய் திறக்க மாட்டான் என்று யாராவது சொன்னால் பயப்படாதீர்கள், அது தடையாக இருப்பதில்லை.

காது சோதனை செய்யவில்லை என்றால் முதலில் அதை முடியுங்கள். அப்புறம் ஸ்பீச் தெரபி. அரசின் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையம் பற்றி ஆஷா பணியாளரிடம் விசாரியுங்கள். இரிஞ்ஞாலக்குடா பக்கத்தில் நிப்மர் (NIPMR) என்ற மறுவாழ்வு நிறுவனமும் இருக்கிறது. தெரபிஸ்ட் மலையாளத்தில் பேசினால் பேசட்டும், வீட்டில் தமிழ் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அங்கன்வாடி டீச்சருக்கும் தண்ணி, சோறு, வா, போதும் என்று அவன் வீட்டுச் சொற்களை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.