தோட்டத்து பெஞ்சுக்கு எந்த மரம்?

கேள்வி: மொட்டை மாடியில போட்ட மாமரத்து பெஞ்சு ரெண்டு மழைக்காலம்கூட தாங்கல, கால் இத்துப்போச்சு. இந்தத் தடவை தேக்குதான்னு முடிவு பண்ணேன், ஆனா ஆசாரி வேங்கையே போதும்ங்கிறாரு. யார் பேச்சைக் கேக்குறது? (வாசகி, மதுரை)

பதில்: தாராளமா ஆசாரி பேச்சைக் கேளுங்கம்மா. மாமரம் வீட்டுக்குள்ள சரி, மழையில நிக்காது. தேக்கு நல்ல மரம்தான், ஆனா தேக்குன்னு பேரு இருந்தா மட்டும் போதாது, மழைக்கு நிக்கிறது நடுவுல இருக்குற வைரம், அதாவது முத்தின கெட்டிப் பகுதி மட்டும்தான், அதைச் சுத்தி வெளிர் நிறத்துல இருக்குற பகுதி (வெள்ளைன்னு சொல்வாங்க) மாமரம் மாதிரியே மக்கிடும். இப்ப சின்ன வயசுலயே வெட்டுற தோட்டத் தேக்குல வெள்ளைதான் நிறைய, அதுமேல பாலிஷ் ஏத்திட்டா நமக்கு ஒண்ணும் தெரியாது, அதனால டிப்போவுலயே ஒவ்வொரு சட்டத்தையும் புரட்டிப் பாத்து, ஓரத்துல வெளிர் பட்டை ஓடுறதை ஒதுக்கச் சொல்லிடுங்க.

வைரம் பாஞ்ச வேங்கை வெயில் மழைக்கு நல்லாவே நிக்கும். ஒரே தொல்லை, புதுசுல நனைஞ்சா மஞ்சளா பழுப்பா சாயம் இறங்கும் (சர்க்கரைக்குன்னு விக்கிற வேங்கை டம்ளர்ல தண்ணி நிறம் மாறுதே, அதே சமாச்சாரம்தான்), வெள்ளை டைல்ஸ் மேல மட்டும் போட்டுடாதீங்க.

உங்க பெஞ்சுல கால்தானே முதல்ல போச்சு? மரத்தோட வெட்டு முனைதான் தண்ணிய உறிஞ்சுற இடம். ஈரம் 20 சதவீதத்துக்கு மேலயே நின்னுதுன்னா பூஞ்சை பிடிச்சுக்கும், அப்புறம் எந்த பெயின்ட்டாலயும் காப்பாத்த முடியாது. காலுக்கு அடியில ரப்பர் புஷ் போடுங்க, உக்கார்ற பலகைங்களுக்கு நடுவுல கால் இஞ்ச் இடைவெளி விடுங்க. ஸ்குரூ ஸ்டெயின்லெஸ்ஸா இருக்கட்டும். வார்னிஷ் வேண்டாம், வெயில்ல வெடிச்சு உள்ள தண்ணி பூந்துக்கும், வருஷத்துக்கு ஒருக்கா ஆளி விதை எண்ணெய் தடவினா போதும்.

கேள்வி: பந்தலுக்கு மரக்கால் நடணும், மண்ணுல புதைச்சா எது நிக்கும்? (வாசகர், செங்கல்பட்டு)

பதில்: ஆச்சா மரம் கிடைச்சா யோசிக்காம வாங்குங்க, இழைக்கிறவர் திட்டுவாரு, அவ்ளோ கெட்டி. முத்தின பனைன்னா வெளிப்பக்கம்தான் வைரம், நடுவுல வெறும் சோறு, அதைச் செதுக்கித் தள்ளிடணும். ஆனா எந்த மரமா இருந்தாலும் மண்ணை ஒட்டின இடத்துலதான் முதல்ல இத்துப்போகும், கரையானும் அந்த வழியாத்தான் ஏறும். பழைய திண்ணை வீடுகள்ல மரத்தூணைக் கல்லு மேலதானே நிறுத்தியிருக்காங்க, நீங்களும் ஒரு அடி உயரத்துக்கு காங்கிரீட் கட்டை போட்டு, இரும்பு கிளாம்ப் வச்சு அதுமேல நிறுத்துங்க.