வெண்கல புஷ், பேரிங்: கேள்விகளும் பதில்களும்

வார்ப்பு உலோகமும் உராய்வும் என் வேலை. புஷ் என்பது சுற்றும் ஷாஃப்டை, அதாவது தண்டை, தாங்கும் குழல் வடிவ பேரிங். அதற்குள் வரும் கேள்விகளுக்கு விரிவாகவே பதில் சொல்கிறேன். கேட்கும்போது நான்கு விவரங்களைச் சேர்த்து எழுதுங்கள்: சுமை எவ்வளவு, ஷாஃப்ட் எந்த வேகத்தில் சுற்றுகிறது, ஷாஃப்டின் கடினத்தன்மை என்ன, போடுவது எண்ணெயா கிரீஸா.

புது இன்ஜினியர்: சார், எங்கள் பிளாண்டில் எல்லோரும் கன் மெட்டல் புஷ் என்கிறார்கள். டிராயிங்கில் எஸ்ஏஇ 660 என்று இருக்கிறது. இரண்டும் ஒன்றா? வலிமையைக் குறைக்கும் ஈயத்தை ஏன் சேர்க்கிறார்கள்?

ஒன்றல்ல, தம்பி. கன் மெட்டல் என்பது 88 செம்பு, 10 வெள்ளீயம், 2 துத்தநாகம். கடையில் அதே பெயரில் 85-5-5-5 கலவையையும் தருவார்கள், அதில் 5 பங்கு ஈயம். நீங்கள் சொல்லும் 660 என்பது 83 செம்பு, 7 வெள்ளீயம், 7 ஈயம், 3 துத்தநாகம். பொதுவான புஷ் வேலைக்கு நான் முதலில் எடுப்பது இதைத்தான்.

ஈயம் செம்பில் கரையாது. வார்ப்பு உறையும்போது மற்றதெல்லாம் கெட்டியான பிறகும் ஈயம் திரவமாகவே இருக்கும், 327 டிகிரிக்கு வந்தால்தான் உறையும். அதனால் செம்புப் படிகங்களின் இடுக்குகளில் தனித்தனித் துளிகளாக மாட்டிக்கொள்கிறது. மெருகேற்றிய துண்டை மைக்ரோஸ்கோப்பில் 100 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் மஞ்சள் பரப்பில் கரும்புள்ளிகளாக அவை தெரியும்.

மெஷின் ஓடத் தொடங்கும்போதும் நிற்கும்போதும் எண்ணெய்ப் படலம் அறுந்து ஷாஃப்டும் புஷ்ஷும் நேராக உரசும். அந்தச் சில நொடிகளில் இந்த ஈயம்தான் ஷாஃப்டின் மேல் மெல்லிய பூச்சாக இழுபட்டு, இரண்டும் ஒட்டிப் பிடிக்காமல் காப்பாற்றுகிறது. மண், உலோகத்தூள் வந்தாலும் அந்த மென்மையில் கொஞ்சம் புதைந்துபோகும். சுமையைத் தாங்குவதற்கு வெள்ளீயம் இருக்கிறது. அது செம்போடு சேர்ந்து டெல்டா எனப்படும் கடினமான துகள்களை உண்டாக்குகிறது.

எண்ணெய் ஒழுங்காக வராது, ஷாஃப்டும் மென்மை என்றால் 80-10-10 (செம்பு, வெள்ளீயம், ஈயம்) பக்கம் போங்கள். 25 சதவீதம் ஈயம் உள்ளதும் உண்டு. அது மிக மென்மையானது, குறைந்த சுமைக்கு மட்டும்.

லேத் பட்டறை: அண்ணே, 50 மில்லிமீட்டர் ஷாஃப்டுக்கு புஷ் கடைந்தேன், கையில் போட்டால் நன்றாகச் சுற்றியது. ஹவுசிங்கில் (புஷ் உட்காரும் கூட்டில்) பிரஸ் பண்ணினதும் ஷாஃப்ட் உள்ளே போகவில்லை.

ஹவுசிங் துளையை விட வெளிவிட்டத்தில் எவ்வளவு கூடுதல், அதாவது இறுக்கம், வைத்தீர்களோ, அதில் முக்கால் பங்கிலிருந்து முழு அளவு வரை உள்விட்டம் சுருங்கும். 0.05 மில்லி இறுக்கம் என்றால் உள்ளே 0.04 முதல் 0.05 வரை போய்விடும். ஓடுவதற்கு ஷாஃப்ட் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கிளியரன்ஸ் (இடைவெளி) வேண்டும், உங்களுக்கு அதுவும் 0.05 தான். அதாவது வைத்த கிளியரன்ஸ் முழுக்க பிரஸ்ஸிலேயே தீர்ந்துவிட்டது. முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சேர்த்துக் கடையுங்கள், அல்லது பிரஸ் பண்ணிய பிறகு உள்விட்டத்தைக் கடைசியாகக் கடையுங்கள். இரண்டாவது முறையையே நான் விரும்புவேன், ஹவுசிங் கோணலும் அதில் சரியாகிவிடும்.

சூடாக ஓடும் மெஷின் என்றால் இன்னும் கவனம். வெண்கலம் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 18 மைக்ரான் விரியும், இரும்பு 12 தான். ஹவுசிங் வெளியே விரிய விடாது, புஷ் உள்பக்கமாக நெருங்கும்.

ஃபேன் மோட்டார்: எண்ணெய் ஊறிய பவுடர் மெட்டல் புஷ்ஷை ரீமர் போட்டுப் பெரிதாக்கலாமா?

வேண்டாம். ரீமர் மேற்பரப்பைத் தேய்த்து நுண்துளைகளை அடைத்துவிடும். அந்த புஷ்ஷின் கன அளவில் சுமார் 18 சதவீதம் எண்ணெய்தான், அது வெளியே வருவதற்கு அந்தத் துளைகள்தான் வழி. சரியான அளவில் புதிது வாங்குங்கள்.

கன்வேயர்: சார், எங்கள் டிரைவ் ஷாஃப்டில் 660 புஷ் இருந்தது. தேய்கிறது என்று அலுமினியம் பிரான்ஸுக்கு (அலுமினியம் கலந்த வெண்கலத்துக்கு) மாற்றினோம். இப்போது ஷாஃப்டே வரிவரியாகக் கீறி, நிறம் மாறிவிட்டது. மெட்டீரியல் போலியா?

போலியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஷாஃப்ட் கடினத்தன்மை எவ்வளவு? விட்டம், நீளம், வேகம், சுமை எழுதுங்கள்.

கனரகம்: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நாங்கள் எக்ஸ்கவேட்டர் பின்களுக்கு வருஷக்கணக்கில் அலுமினியம் பிரான்ஸ்தான் போடுகிறோம், ஒன்றும் ஆகவில்லை. 660-இன் கடினத்தன்மை 65 பிரினெல், இது 170. கடினமானது குறைவாகத் தேயும், இதில் என்ன சந்தேகம்? அவர் ஆயில் போடாமல் ஓட்டியிருப்பார்.

உங்கள் வேலைக்கு நீங்கள் போட்டது சரியான உலோகம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் பின் மேற்பரப்பு கடினப்படுத்தியது, ராக்வெல் சி அளவில் 55-க்கு மேல் இருக்கும். அது முழுச் சுற்றும் சுற்றுவதில்லை, மெதுவாக முன்னும் பின்னும் ஆடுகிறது, வேளாவேளைக்கு கிரீஸ் போகிறது. அங்கே 660 போட்டால் நசுங்கிவிடும்.

புஷ்ஷை விட ஷாஃப்ட் குறைந்தது 100 பிரினெல் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பழைய விதி. கடினப்படுத்தாத சாதாரண ஷாஃப்ட் 200 பக்கம் இருக்கும். 65-க்கு எதிரில் அது தாராளம். 170-க்கு எதிரில் ஷாஃப்ட்தான் தேயும். புஷ்ஷைக் கழற்றி மாற்றுவதற்காகத்தான் வைத்திருக்கிறோம், தேய வேண்டியது அதுதான்.

கனரகம்: பி.வி. கணக்கு என்ன சொல்கிறது? அட்டவணையில் 660-க்கு 2.6, அலுமினியம் பிரான்ஸுக்கு 4.4. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

அட்டவணையில் அதே வரியில் இன்னும் இரண்டு எண்கள் இருக்கின்றன, அவற்றையும் படியுங்கள். பி.வி. என்பது அழுத்தத்தையும் வேகத்தையும் பெருக்கியது. அந்தப் பெருக்கல் சரியாக வந்தாலும் அழுத்தத்துக்குத் தனி வரம்பு, வேகத்துக்குத் தனி வரம்பு உண்டு. அலுமினியம் பிரான்ஸின் வேக வரம்பு நொடிக்கு சுமார் 1.1 மீட்டர். 660-க்கு 3.8 மீட்டர். ஈயம் இல்லாத கடின உலோகம் வேகத்தில் எண்ணெய்ப் படலத்தை இழந்தால் உடனே ஷாஃப்டோடு ஒட்டிப் பிய்க்கும். அவர் சொல்லும் வரிக்கீறலும் நிறமாற்றமும் அதைத்தான் காட்டுகின்றன. அவருடைய விவரம் வரட்டும், பேசுவோம்.

பம்ப் ஹவுஸ்: ஆயில் குரூவ் (எண்ணெய் ஓடும் பள்ளக்கோடு) எங்கே வெட்டுவது? எங்கள் ஃபிட்டர் எட்டு வடிவத்தில் புஷ் முழுக்க வெட்டுகிறார்.

மெதுவான கிரீஸ் புஷ்ஷில் எட்டு வடிவம் இருக்கட்டும், கிரீஸ் பரவ உதவும். வேகமாகச் சுற்றும் எண்ணெய் பேரிங்கில் சுமை விழும் பக்கத்தில் குரூவ் வெட்டவே வேண்டாம்.

1880-களில் பிரிட்டனில் பீச்சம் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சு பேரிங்கைச் சோதித்தார். மேலிருந்து அழுத்தும் பேரிங்கின் உச்சியில் ஒரு எண்ணெய்த் துளை. ஷாஃப்டின் அடிப்பாதி எண்ணெய்த் தொட்டியில். ஓட்டிப் பார்த்தால் துளை வழியாக எண்ணெய் மேலே பொங்கி வந்தது. மரத்தக்கை வைத்து அடைத்தார், தக்கையை எண்ணெய் வெளியே தள்ளியது. பிரஷர் கேஜ் மாட்டினார். பேரிங்கின் சராசரிச் சுமை சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு, கேஜ் 200-ஐத் தாண்டியது. சுற்றும் ஷாஃப்டே எண்ணெயை ஆப்பு போல் இழுத்துப் போய் அழுத்தத்தை உண்டாக்குகிறது என்பது அதில் தெரிந்தது. 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணித விளக்கம் எழுதினார்.

அந்த இடத்தில் குரூவ் வெட்டினால் நீங்களே அழுத்தத்தை வெளியே வடிய விடுகிறீர்கள். சுமை இல்லாத பக்கத்தில் எண்ணெயை விடுங்கள், குரூவ் புஷ்ஷின் இரு முனைகளுக்கும் முன்பே நிற்கட்டும், ஓரங்களை மழுக்கிவிடுங்கள். கூரான ஓரம் எண்ணெயை வழித்து எடுத்துவிடும்.

ஸ்டோர்ஸ்: எந்த வெண்கலம் பெஸ்ட்?

நான்கு விவரங்கள் இல்லாமல் பதில் இல்லை.

ஓல்டு ஸ்டாக்: கிடங்கில் பெயரில்லாத வெண்கலக் கம்பிகள் கிடக்கின்றன. எது எதுவென்று ஆய்வகத்துக்கு அனுப்பாமல் கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். துண்டை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். டிஜிட்டல் தராசில் ஒரு பாத்திரம் தண்ணீரை வைத்து பூஜ்ஜியமாக்குங்கள். துண்டை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீரில் முழுக்க மூழ்கும்படி பிடியுங்கள். தராசு காட்டும் கிராம்தான் துண்டின் கன சென்டிமீட்டர். எடையை அதால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். 447 கிராம் துண்டுக்குத் தண்ணீரில் 60 காட்டினால் 7.45, அது அலுமினியம் பிரான்ஸ். 7.8 பக்கம் வந்தால் மாங்கனீஸ் பிரான்ஸ். 8.4, 8.5 வந்தால் பித்தளையாக இருக்கலாம். 8.7-க்கு மேல் என்றால் வெள்ளீய வெண்கலம் அல்லது ஈயம் கலந்தது. இந்த இரண்டையும் லேத்தில் பிரியுங்கள்: ஈயம் இருந்தால் சீவல் பொடிப்பொடியாக உதிரும். உள்ளே காற்றுத்துளை இருந்தால் அடர்த்தி குறைத்துக் காட்டும், அதனால் முக்கியமான வேலைக்கு ஆய்வகம்தான்.

வார்ம் கியர்: கியர் ஆயில் மாற்றியதும் வெண்கலச் சக்கரம் கறுத்துவிட்டது.

அதிக அழுத்தத்துக்கான கந்தக வேதிப்பொருள் கலந்த ஆயிலாக இருக்கும். தீவிரமான கந்தகம் செம்பைத் தாக்கும், சூடு கூடினால் இன்னும் வேகமாக. வார்ம் கியருக்கென்று (திருகு போன்ற தண்டு சுழற்றும் பற்சக்கரத்துக்கென்று) எழுதிய ஆயில் போடுங்கள். வாங்கும்போது காப்பர் ஸ்ட்ரிப் சோதனை (செம்புத் துண்டை ஆயிலில் வைத்து எவ்வளவு கறுக்கிறது என்று பார்ப்பது) முடிவைக் கேளுங்கள், 1ஏ அல்லது 1பி இருக்க வேண்டும்.

குடிநீர்: குடிநீர் பம்ப்புக்கு 660 போடலாமா?

கூடாது, 7 சதவீதம் ஈயம். அமெரிக்காவில் 2014 முதல் குடிநீர் படும் பாகங்களுக்குச் சராசரி 0.25 சதவீதம்தான் வரம்பு. ஈயத்துக்குப் பதில் பிஸ்மத் சேர்த்த வெண்கலங்கள் இருக்கின்றன, அவற்றை விசாரியுங்கள். ஈய வெண்கலத்தைக் கடையும் எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன்: எமரித் தாள் போட்டு உலர்வாகத் தேய்க்காதீர்கள், தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள், கை கழுவாமல் சாப்பிடாதீர்கள்.

சிற்பி: சிலை வார்ப்புக்கு எந்தக் கலவை?

என் துறை இல்லை, வார்ப்புச் சிற்பிகளைக் கேளுங்கள்.

ஹாமர் மில்: அண்ணா, 660-ஐ எடுத்துவிட்டு அலுமினியம் பிரான்ஸ் போட்டால் அதிக நாள் வருமா?

மேலே கனரகத்துக்குச் சொன்னதைப் படியுங்கள். ஷாஃப்ட் கடினத்தன்மையைப் பார்க்காமல் மாற்றாதீர்கள்.

பிரஸ் ஷாப்: அலுமினியம் பிரான்ஸ் 660-ஐ விட ஸ்ட்ராங்தானே?

ஸ்ட்ராங்தான். ஷாஃப்டைப் பாருங்கள்.

கன்வேயர்: சார், விவரம் இதோ. ஷாஃப்ட் 75 மில்லி, புஷ் நீளம் 90, நிமிடத்துக்கு 300 சுற்று, ஒரு புஷ்ஷில் சுமை 9,000 நியூட்டன். ஷாஃப்ட் கடினப்படுத்தாதது, 200 பிரினெல். கிரீஸ் ஷிஃப்டுக்கு ஒருமுறை.

அழுத்தம்: 9,000-ஐ 75 பெருக்கல் 90-ஆல் வகுத்தால் 1.33 மெகாபாஸ்கல். வேகம்: நொடிக்கு 5 சுற்று, 1.18 மீட்டர். பி.வி. 1.57. கனரகம், நீங்களும் பாருங்கள். பி.வி. இரண்டு உலோகத்துக்கும் உள்ளேதான் இருக்கிறது. வேகம் அலுமினியம் பிரான்ஸின் 1.1-ஐத் தாண்டிவிட்டது, கடினத்தன்மை வித்தியாசமும் 30 தான்.

கனரகம்: வேக வரம்பை நான் பார்க்கவில்லை, சரி. ஆனால் 660-உம் தேய்ந்ததால்தானே மாற்றினார்?

நியாயமான கேள்வி. 1.57-க்கு, ஷிஃப்டுக்கு ஒருமுறை கையால் கிரீஸ் என்பது குறைவு, தேய்ந்ததற்கு முதல் சந்தேகம் அங்கேதான். கன்வேயர், கீறிய ஷாஃப்டில் புது புஷ் போடாதீர்கள், அது அரம் போலத் தின்றுவிடும். ஷாஃப்டை கிரைண்ட் பண்ணி 0.4 மைக்ரான் ஆர்ஏ (மேற்பரப்பின் சொரசொரப்பு அளவு) மெருகுக்குக் கொண்டுவாருங்கள், குறைந்த விட்டத்துக்கு ஏற்ப 660-இல் புஷ் கடையுங்கள். கிரீஸைத் தானியங்கி லூப்ரிகேட்டரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடர்ந்து விடுங்கள். பழைய 660 புஷ் கிடைத்தால் அதன் தேய்மானத்தைப் பாருங்கள். ஒரு முனையில் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் கோளாறு (ஷாஃப்டும் புஷ்ஷும் ஒரே நேர்கோட்டில் இல்லை), அதைச் சரிசெய்யாமல் எந்த உலோகம் போட்டாலும் இதே கதைதான். இரண்டு முனையிலும் உள்விட்டத்தை அளந்து எழுதுங்கள்.