இங்வே மால்ம்ஸ்டீனின் முதல் ஆல்பம் 'ரைசிங் ஃபோர்ஸ்': கிதார் கேள்வி பதில்

கேள்வி: சார், கருவியிசை ஆல்பம் என்று நம்பி வாங்கினேன். நடுவில் ஆள் பாடுகிறாரே?

பதில்: எட்டில் இரண்டுக்கு மட்டும் பாட்டு உண்டு. 'நவ் யுவர் ஷிப்ஸ் ஆர் பர்ன்ட்', 'ஆஸ் அபவ், ஸோ பிலோ' இரண்டையும் பாடியவர் ஜெஃப் ஸ்காட் சோட்டோ. ஆல்பம் 1984 மார்ச்சில் வந்தது, ஸ்வீடன் கிதார் கலைஞரான இங்வேக்கு அப்போது வயது 20. கீபோர்டு யென்ஸ் யோஹான்சன். டிரம்ஸ், முன்பு ஜெத்ரோ டல் ராக் குழுவில் இருந்த பாரிமோர் பார்லோ. பேஸ் கிதாரையும் இங்வேயே வாசித்தார்.

கேள்வி: ஆல்பத்தோடு சேர்ந்து வாசித்தால் சுருதி ஒட்டவே இல்லை.

பதில்: ஆறு கம்பிகளையும் அரை ஸ்வரம் இறக்குங்கள். தடித்த கம்பியிலிருந்து இ ஃபிளாட், ஏ ஃபிளாட், டி ஃபிளாட், ஜி ஃபிளாட், பி ஃபிளாட், இ ஃபிளாட். ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாரில் ட்ரெமலோ பிரிட்ஜை (கம்பிகளைத் தாங்கி, ஸ்பிரிங்கில் அசையும் பாகம்) மிதக்க விட்டிருந்தால் இத்துடன் வேலை முடியாது. கம்பியின் இழுவை குறைந்ததும் பின்பக்க ஸ்பிரிங் ஜெயித்து பிரிட்ஜ் கீழே அமுங்கும். ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூவையும் சம அளவில் கொஞ்சம் தளர்த்தி, மறுபடி சுருதி சேருங்கள்.

கேள்வி: கெயினை முழுக்க ஏற்றியும் அந்த டோன் வரவில்லை. என்ன பெடல் வாங்கலாம்?

பதில்: முழுக்க ஏற்றியதுதான் தவறு. அவருடைய அடிப்படை ஏற்பாடு எளிது: ஸ்ட்ராட்டோகாஸ்டர், டிஓடி 250 ஓவர்டிரைவ் பெடல், சத்தம் ஏற்றிய 50 வாட் மார்ஷல் ஆம்ப். பெடலில் கெயின் (ஒலியை உடைக்கும் அளவு) குறைவு, லெவல் (வெளியே அனுப்பும் சத்தம்) அதிகம். ஒலியின் உடைசல் (டிஸ்டார்ஷன்) பெடலில் பிறக்கவில்லை. பெடல் பெரிதாக்கி அனுப்பும் சிக்னல் ஆம்ப்பின் வால்வுகளில்தான் உடைகிறது. கெயின் கூடினால் மெதுவாக மீட்டியதும் ஓங்கி மீட்டியதும் ஒரே அளவாகி, வேகமான நோட்டுகள் குழைந்துவிடும். ஒற்றை நோட்டு ஓட்டங்களுக்குக் கழுத்துப் பக்க பிக்கப்பைப் (கம்பி அதிர்வை வாங்கும் காந்தம்) போடுங்கள். வீட்டில் அந்தச் சத்தம் வைக்க முடியாதென்றால், மாஸ்டர் வால்யூம் உள்ள ஆம்ப் சிமுலேட்டரிலும் இதே வரிசையை அமைக்கலாம்.

கேள்வி: ஃப்ரெட்போர்டைக் குடைந்தால்தான் வேகம் வருமா?

பதில்: வேகத்துக்கு அது அவசியமில்லை. ஃப்ரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குழித்துக் குடைந்த பலகையில் விரல் நுனி மரத்தில் படாது, கம்பியில் மட்டும் படும். வைப்ரேட்டோவும் (நோட்டை ஆட்டுவது) பெண்டும் (கம்பியை வளைத்துச் சுருதி ஏற்றுவது) சுலபமாகும். வீணையில் மெட்டுக்கு மேல் கம்பியை இழுத்துக் கமகம் பிடிக்கிற சௌகரியம்தான் இதுவும். விலை ஒன்று உண்டு: கொஞ்சம் அதிகமாக அழுத்தினாலும் சுருதி ஏறும். அவர் போடுகிற 8 அளவு மெல்லிய முதல் கம்பியில் இது இன்னும் மோசம். மரத்தைக் குடைந்தால் திரும்பாது. முதலில் உயரமான ஜம்போ ஃப்ரெட் போட்டுப் பாருங்கள், பாதிப் பலன் அதிலேயே கிடைக்கும்.

கேள்வி: கேட்கும்போது கீரவாணி சாயல் தெரிகிறது. என் காதுக்கோளாறா?

பதில்: காது சரியாகத்தான் இருக்கிறது. மேற்கத்திய ஹார்மானிக் மைனர் ஸ்கேலின் ஸ்வரங்கள் கீரவாணியின் ஸ்வரங்களே. அதன் பஞ்சமத்தை ஆதாரமாக வைத்தால் வகுளாபரணம். மேற்கில் அதைப் பிரிஜியன் டாமினன்ட் என்பார்கள். இவற்றோடு டிமினிஷ்ட் ஆர்பெஜியோ (மூன்று ஃப்ரெட் இடைவெளியில் அடுக்கிய ஸ்வரங்களை ஒவ்வொன்றாக வாசிப்பது) சேரும். விரலமைப்பை இ மைனருக்குச் சொல்கிறேன்: மூன்றாம் கம்பி 11, இரண்டாம் கம்பி 10, முதல் கம்பி 8, 11. அப்படியே மூன்று ஃப்ரெட் மேலே தள்ளினால் அதே நான்கு ஸ்வரங்கள், வேறு வரிசையில். ஒரு வடிவம் கற்றால் கழுத்து முழுக்க ஏறலாம்.

கேள்வி: ஒரே கம்பியில் வேகம் வருகிறது. கம்பி மாறும்போது தடுக்குகிறது.

பதில்: பிக் (மீட்டும் தகடு) கம்பிகளுக்கு இடையே மாட்டுகிறது. இங்வே பிக்கைச் சற்றுச் சாய்த்துப் பிடிப்பதால் மேல்நோக்கிய அடியில் அது கம்பிகளுக்கு வெளியே வந்துவிடும். ஆகவே இறங்குமுகத்தில் கம்பிக்கு மூன்று நோட்டு என்றால்: கீழ், மேல், மூன்றாவது புல்-ஆஃப் (பிக் இல்லாமல், கம்பியை அழுத்திய விரலை இழுத்து எடுத்து ஒலிக்க வைப்பது). அந்த இடைவெளியில் கை அடுத்த கம்பிக்குப் போய்விடும். ஏறுமுகத்தில் கீழ், மேல், கீழ் என்று அடித்து, அதே கீழ் அடியை நிறுத்தாமல் அடுத்த கம்பிக்கு வழுக்க விடுங்கள். எல்லா நோட்டையும் பிக்கால் அடிக்க வேண்டும் என்ற பிடிவாதம்தான் பலரை இங்கே வருடக்கணக்கில் நிறுத்துகிறது.

கேள்வி: 'இகாரஸ் ட்ரீம் சூட்' ஆரம்பம் எங்கோ கேட்டதாக இருக்கிறது.

பதில்: இசையமைப்பாளர் அல்பினோனியின் பெயரில் உலவும் ஜி மைனர் அடாஜியோ (மெதுவான இசைத் துண்டு)தான் அது. அதை 1958இல் வெளியிட்டவர் ரெமோ ஜியாசோட்டோ.

கேள்வி: எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: 'பிளாக் ஸ்டார்'. 'ஃபார் பியாண்ட் தி சன்' பிறகு. 'பிளாக் ஸ்டா'ரின் மெதுவான மெட்டை, ஓட்டங்களை விட்டுவிட்டு, மெட்ரோனோமோடு வாசித்துப் பதிவு செய்து கேளுங்கள். நீண்ட நோட்டில் வைப்ரேட்டோ அகலமாக, ஒரே சீராக ஆட வேண்டும். ஒவ்வொரு ஆட்டமும் கிளம்பிய சுருதிக்கே திரும்ப வேண்டும். அது சரியாகும் வரை வேகத்தைத் தொடாதீர்கள்.