போரில் இருக்கும் நாட்டுக்கு ஆயுதம் விற்பதை இந்தியச் சட்டம் தடுக்கிறதா?

கேட்டிருப்பவர் சட்டம் பயிலும் மாணவராக இருக்கலாம் என்று எண்ணுகிறேன். நான் சட்டம் படித்தவன் அல்லன். திருச்சி துவாக்குடியில் இருபத்தைந்து ஆண்டுகளாகக் கடைசல் பட்டறை நடத்துகிறேன். இருந்தும் இந்தக் கேள்வியைக் கடந்து செல்ல மனம் வரவில்லை.

போரில் இருக்கிறது என்ற காரணத்துக்காகவே ஒரு நாட்டுக்கு ஆயுதம் விற்கக் கூடாது என்று நம் சட்டத்தில் பொதுத்தடை இல்லை. 1992ஆம் ஆண்டின் அயல்நாட்டு வணிகச் சட்டத்தின் கீழ் ‘ஸ்கோமெட்’ என்ற ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியல் உண்டு. அதன் ஆறாம் பிரிவில் ஆயுதங்களும் அவற்றுக்கென்றே வடிவமைத்த பாகங்களும் அடங்கும். அவற்றை ஏற்றுமதி செய்யப் பாதுகாப்பு அமைச்சகத்தின் உற்பத்தித் துறை அனுமதி தர வேண்டும். யார் பயன்படுத்தப் போகிறார்கள் என்பதற்கு இறுதிப் பயனர் சான்றிதழும் வேண்டும். கொடுப்பதும் மறுப்பதும் அரசின் கையில். இஸ்ரேலுக்கான ஆயுத ஏற்றுமதியை நிறுத்தக் கோரிய மனுவை 2024 செப்டம்பரில் தள்ளுபடி செய்த உச்ச நீதிமன்றமும், வெளியுறவுக் கொள்கை அரசின் எல்லைக்குள் வருவது என்றே கூறியது. இனப்படுகொலைக்குப் பயன்படும் எனத் தெரிந்தே ஆயுதம் கொடுப்பதை, 2013இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற ஆயுத வணிக உடன்படிக்கை தடை செய்கிறது. இந்தியா அதில் சேரவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளி போனஸுக்குப் பணம் புரட்டிக்கொண்டிருந்த வாரத்தில், ஒரு தரகர் வரைபடத்துடன் வந்து, பம்பு உதிரி என்றார். கனத்த எஃகுக் குழல், ஒரு முனையில் கூம்பிய மூக்கு, அடிப்பக்கத்தில் செப்பு வளையம் பதிக்கும் குரூவ். பம்பில் இப்படியொரு பாகம் கிடையாது; இது பீரங்கிக் குண்டின் கூடு. இறுதிப் பயனர் சான்றிதழின் நகலைக் கேட்டேன். “அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்ணே, நீங்க கடைஞ்சு குடுத்தா போதும்” என்றார். வரைபடத்தை அவர் கையிலேயே கொடுத்து அனுப்பிவிட்டேன். அந்த ஆண்டு போனஸ் கொடுக்க மனைவியின் வளையல் அடகுக்குப் போனது.

வசதியுள்ளவன் பேசும் நியாயம் என்றோ, நாட்டின் பாதுகாப்புக்கு எதிரானவன் என்றோ சிலர் சொல்லக்கூடும். நம் படைகளுக்குச் செல்லும் பாகங்களைச் செய்து கொடுத்திருக்கிறேன், இனியும் செய்வேன். ஆனால் நான் வேதாரண்யத்துக்காரன். 1990இல் இலங்கையிலிருந்து படகில் வந்திறங்கிய குடும்பம் ஒன்றுக்கு என் தாயார் கஞ்சி ஊற்றியபோது, என் வயதுச் சிறுவன் ஒருவன் தொடையில் குண்டுச்சில்லுடன் திண்ணையில் படுத்திருந்தான். அது எந்த நாட்டுப் பட்டறையில் கடைந்த இரும்போ என்ற எண்ணம், இந்தத் தொழிலுக்கு வந்தபின் என்னை விட்டதில்லை.

ஆகவே எனக்கு இரண்டு கோரிக்கைகள் உள்ளன. எந்த நிலையில் அனுமதி மறுக்கப்பட வேண்டும் என்பதை நாடாளுமன்றம் சட்டத்திலேயே எழுத வேண்டும். பாகம் கடையும் சிறு பட்டறைக்கும் இறுதிப் பயனர் சான்றிதழின் நகல் கட்டாயம் வர வேண்டும். எந்த நாட்டுக்கு, எந்தப் படைக்கு என்று பார்த்துவிட்டு, வேலையை எடுப்பதா வேண்டாமா என்று நாங்கள் முடிவு செய்துகொள்வோம்.