குடமும் போர் மண்ணும்

அன்புள்ள அக்கா,

என் பெயர் வேண்டாம், பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் என்று மட்டும் இருக்கட்டும். நுண்கலை கடைசி வருடம் படிக்கிறேன். போன கோடையில் எங்கள் தோட்டத்தில் தண்ணீருக்காகப் போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டோம். துளை போட வந்தது திருச்செங்கோட்டு வண்டி. இறங்க இறங்க வெளியே வந்த மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பொட்டலம் கட்டி வைத்தேன். மேலே கரிசல், பிறகு வெள்ளைச் சுக்காங்கல், அதற்குக் கீழே 850 அடி வரை வெறும் சாம்பல் நிறப் பாறைத்தூள். தண்ணீர் இல்லை. அந்த மண்ணைக் கண்ணாடி ஜாடிகளில் வரிசையாக வைத்து, பின்னால் அம்மாவின் பழைய பிளாஸ்டிக் குடங்களைக் கட்டித் தொங்கவிட்டு, 'பூமித்தாய்' என்று பெயர் கொடுத்தேன்.

மதிப்பெண் போட வந்தவர், பெண்பிள்ளைகள் எல்லாரும் குடம், மரம், அம்மா என்றுதான் வருகிறீர்கள், இது கலையா சமூக சேவையா என்று கேட்டுவிட்டுப் போனார். வீட்டில் அப்பா, "கொடத்தக் கட்டித் தொங்கவுட்டாத் தண்ணி வந்துருமா சாமி?" என்று சிரித்தார். இரண்டு பேருக்கும் என்னிடம் பதில் இல்லை. சுற்றுச்சூழலுக்காகப் பெண்கள் செய்த கலையால் எங்காவது ஏதாவது நடந்திருக்கிறதா?

ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

அப்பாவின் கேள்விக்குத்தான் முதல் மரியாதை. வராது. இதில் மழுப்ப ஒன்றும் இல்லை.

பிளாச்சிமடை உங்கள் ஊருக்குக் கூப்பிடு தூரம். 2000இல் அங்கே தொடங்கி நிலத்தடி நீரை உறிஞ்சிய கோக்கோகோலா ஆலை 2004 மார்ச்சில் நின்றது. நிறுத்தியது ஓவியமும் அல்ல, சிற்பமும் அல்ல. 2002 ஏப்ரல் 22 அன்று ஆலைக்கு எதிரே பந்தல் போட்டுப் போராட்டத்தைத் தொடங்கிய எரவாளர், மலசர் பழங்குடி மக்கள், அவர்களுக்கு முன்னால் நின்ற மயிலம்மா, அடுத்த வருடம் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்த பெருமாட்டி பஞ்சாயத்து, இவர்கள்தான். கிணற்றுத் தண்ணீர் கசக்கிறது, குளித்தால் உடம்பு அரிக்கிறது என்று முதலில் சொன்னவர்கள் அந்தப் பெண்கள். ஆராய்ச்சி முடிவுகள் பின்னால்தான் வந்தன.

அப்படியானால் கலைக்கு வேலையே இல்லையா? நம் பாலக்காடு மாவட்டத்தின் அடுத்த ஓரத்துக்குப் போவோம். சைலன்ட் வேலி என்ற மழைக்காட்டில் குந்திப்புழை ஆற்றை மறித்து 120 மெகாவாட் மின்திட்டம் வரவிருந்தது. எதிர்த்தவர்களில் அறிவியலாளர்கள் இருந்தார்கள், மக்களிடம் அறிவியலைக் கொண்டுபோகும் சாஸ்திர சாகித்ய பரிஷத் இருந்தது, நீதிமன்ற வழக்குகள் இருந்தன. கூடவே கவிஞர்களும் இருந்தார்கள், முன்வரிசையில் சுகதகுமாரி. 'மரத்தினு ஸ்துதி' (மரத்துக்குத் துதி) என்ற அவருடைய மலையாளக் கவிதை அந்தப் போராட்டத்தோடு சேர்ந்தே நினைக்கப்படுகிறது. ஊருக்கு வெளிச்சம் வேண்டாமா என்று கேட்டவர்கள் இவர்களை 'மரக்கவிகள்' என்று கேலி செய்தார்கள். 1983இல் திட்டம் கைவிடப்பட்டது, 1984இல் அந்தக் காடு தேசியப் பூங்கா ஆனது. கவிதை அணையை நிறுத்தியது என்று மேடையில் சொல்பவர்கள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறார்கள். நிறுத்தியது தில்லி எடுத்த முடிவு. ஆனால் அந்தக் காட்டில் வாழும் சோலைமந்தி என்ற குரங்கை அதுவரை கண்ணால் காணாத லட்சக்கணக்கான மலையாளிகள் அதற்காக வருத்தப்பட்டார்களே, அறிக்கைகளை மட்டும் படித்து அந்த வருத்தம் வந்திருக்காது.

இனி மதிப்பெண் போட வந்தவர். அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. சொன்னதில் பாதி சரி. பெண்தான் பூமி, பூமிதான் தாய் என்ற சமன்பாடு பொறுமைசாலிப் பெண்களை விரும்புகிறவர்களுக்கு ரொம்ப வசதியானது. தாய் எவ்வளவு தோண்டினாலும் தாங்குவாள் அல்லவா? கூந்தல் வேராக இறங்க, கண்ணீர் நதியாக ஓடும் ஓவியங்களை ஒவ்வொரு சுற்றுச்சூழல் தினத்திலும் பார்க்கிறேன். அவற்றில் எந்த நதி என்று கேட்டால் பதில் இருக்காது.

நிலைத்த வேலைகளைச் செய்த பெண்கள் இயற்கையைப் பற்றி உருகவில்லை. தினசரி வேலையிலிருந்து தொடங்கினார்கள். அமெரிக்காவில் மியர்ல் லேடர்மன் யூகெலஸுக்கு முதல் குழந்தை பிறந்த பிறகு நாள் முழுக்கத் துடைப்பதும் கழுவுவதுமாகப் போனது. 1969இல் ஓர் அறிக்கை எழுதினார். பராமரிக்கிற வேலைதான் இனி என் கலை என்பது அதன் சாரம். 1973இல் ஓர் அருங்காட்சியகத்தின் படிகளை மண்டியிட்டுக் கழுவினார், அதுவே படைப்பு. பிறகு நியூயார்க் துப்புரவுத் துறையில் சம்பளம் இல்லாத கலைஞராகச் சேர்ந்தார். 1979-80இல் அந்த நகரத்தின் 8,500 துப்புரவுப் பணியாளர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக் கைகுலுக்கி, இந்த நகரத்தை உயிரோடு வைத்திருப்பதற்கு நன்றி என்று சொன்னார். நம் வாசலுக்குப் பச்சைச் சீருடையில், வீடு வீடாகக் குப்பை சேகரிக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்கள் வந்து பிளாஸ்டிக் கவர்களை வாங்கிப் போகிறார்கள். மாதக் காசு கேட்டால் எத்தனை வீடுகளில் முகம் சுளிக்கிறோம்! கைகுலுக்குவது சின்ன விஷயம் இல்லை.

அதே நாட்டுக் கலைஞர் ஆக்னஸ் டெனிஸ் வேறு மாதிரி. 1982இல் நியூயார்க்கின் மன்ஹாட்டனில், வால் ஸ்ட்ரீட்டுக்குப் பக்கத்தில், இடிபாடு கொட்டி மேடாக்கிய 2 ஏக்கரில் கோதுமை விதைத்தார். 200 லாரி மண் கொண்டுவந்து, கையால் 285 சால் இழுத்து, நான்கு மாதம் பார்த்துக்கொண்டார். 450 கோடி டாலர் பெறுமான நிலம் என்றார்கள். விளைந்தது சுமார் 450 கிலோ. நம் சித்தூர் தாலுகா விவசாயிகள் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். டெனிஸ் காட்ட நினைத்ததும் அந்தப் பொருந்தாத கணக்கைத்தான். வானுயரக் கட்டடங்களுக்கு முன்னால் கதிர் முற்றி நிற்கும் புகைப்படத்தைத் தேடிப் பாருங்கள். பூமித்தாய் எங்கும் இல்லை. நிலம், விலை, தானியம், அவ்வளவுதான்.

உங்கள் அப்பாவுக்குக் காட்ட வேண்டியது நவ்ஜோத் அல்தாஃப் செய்ததை. மும்பைக்காரரான இந்தக் கலைஞர் சத்தீஸ்கரின் பஸ்தரில் கொண்டகாவ் ஊரின் ஆதிவாசிக் கலைஞர்களோடு சேர்ந்து பொது அடிபம்புகளைச் சுற்றிக் கட்டுமானங்கள் செய்தார். தண்ணீர் எடுக்க வரும் பெண்களும் சிறுமிகளும் எப்படிக் குனிகிறார்கள், நிறைந்த குடத்தை இடுப்பிலிருந்து தலைக்கு ஏற்றும்போது எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்து, நடுவில் குடத்தை வைத்து மூச்சு வாங்க மாடம் வைத்தார்கள். சிந்தும் தண்ணீர் தேங்கிச் சேறாகாமல் வழி செய்தார்கள். சுற்றுச் சுவரில் அந்த ஊர்ச் சின்னங்கள். இதைக் கலை என்பதா, பஞ்சாயத்து வேலை என்பதா என்று விமர்சகர்கள் இன்னும் பேசுகிறார்கள். குடத்தோடு நிற்பவளுக்கு அந்தச் சந்தேகம் வராது. குடத்தைத் தொங்கவிட்டால் தண்ணீர் வராது, சரி. குடத்துக்கு ஒரு மாடம் கட்டினால் கழுத்துவலியாவது குறையும்.

2018 கேரள வெள்ளத்துக்குப் பிறகு, கொச்சி பினாலே என்ற பெரிய கலைக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். அனிதா துபே பொறுப்பில் நடந்த அந்த முறை பங்கேற்றவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். வங்கதேசத்தின் மார்சியா ஃபர்ஹானா, வெள்ளம் புகுந்த வீடுகளிலிருந்து மேசை, புத்தகம், வீட்டுச் சாமான்கள் என்று சேகரித்து ஓர் அறையில் தொங்கவிட்டிருந்தார். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு குடும்பம் கலையைப் பற்றிப் பேசவே இல்லை. எங்கள் வீட்டில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று கையை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பினாலே மீது எனக்குப் பல குறைகள் உண்டு, முக்கியமாகச் சுவரில் ஒட்டிவைக்கும் நீளமான ஆங்கில விளக்கங்கள். அந்த அறைக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

உங்கள் படைப்பை மின்னஞ்சலில் வந்த படத்தில்தான் பார்த்தேன், ஆனாலும் உரிமையோடு சொல்கிறேன். தலைப்பை எடுத்துவிடுங்கள். குடங்களையும் எடுத்துவிடுங்கள், அவை அழு என்று சொல்லிக்கொடுக்கின்றன. ஜாடிகள் போதும். நம் பக்கம் மலையாள நாட்டில் இருந்தாலும் மழை மறைவுப் பகுதி. அந்த வித்தியாசத்தை ஒரு வார்த்தை இல்லாமல் அந்தக் கரிசலும் பாறைத்தூளும் சொல்லிவிடுகின்றன. ஒவ்வொரு ஜாடியிலும் எத்தனையாவது அடி என்று மட்டும் எழுதுங்கள். 850 அடிக்குப் பிறகு ஒரு காலி ஜாடி வைக்கலாமா என்று உங்களுக்குத் தோன்றும். வேண்டாம், அது கெட்டிக்காரத்தனம்.

காட்சிக்கூடத்தில் வைத்தால் நானும் என்னைப் போல நாலு பேரும் வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவோம். அதே ஜாடிகளைப் பால் சொசைட்டித் திண்ணையில் காலையில் வையுங்கள். பாலோடு வருகிறவர்களில் பாதிப் பேர் போர் போட்டவர்களாக இருப்பார்கள். எங்கள் காட்டில் இந்த நிறம் 300 அடியிலேயே வந்துவிட்டது என்று ஒருவர் சொல்வார், இன்னொருவர் இல்லை என்பார். அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள், முடிந்தால் அவர்கள் காட்டு மண்ணையும் கேட்டு வாங்குங்கள். நாற்பது ஐம்பது தோட்டத்து மண் சேர்ந்தால் அது உங்கள் தாலுகாவின் நிலத்தடி வரைபடம். கலையா சேவையா என்று கேட்டவரையும் அப்போது கூப்பிடுங்கள்.

ஓர் அடிக்கு என்ன ரேட், கேசிங் பைப்புக்கு எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று வண்டிக்காரர் துண்டுச் சீட்டு எழுதித் தந்திருப்பாரே, அப்பா அதை எங்காவது செருகி வைத்திருப்பார். அதைக் கேட்டு வாங்கிக் கடைசி ஜாடிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். தேதி சொன்னால் வேலந்தாவளம் பஸ்ஸில் வந்து சேர்கிறேன்.

அன்புடன்,
அக்கா