மலேரியா மாத்திரை கொடுத்தும் காய்ச்சல் திரும்பினால்

கேள்வி: மருத்துவமனை வெகுதொலைவில் இருப்பதால், மலேரியா கண்ட எங்கள் நான்கு வயது மகனுக்குச் சந்தையில் மலிவாகக் கிடைத்த மாத்திரைகளை மூன்று நாள் கொடுத்தோம். இறங்கிய காய்ச்சல் மறுபடியும் ஏறிவிட்டது. மாத்திரை போலியா என்று எப்படிக் கண்டறிவது?

பதில்: மாத்திரையை ஆராய்வதற்கு முன், இன்றே குழந்தையை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். ஃபால்சிபாரம் வகை மலேரியா சிறு குழந்தைகளிடம் ஒரே நாளில் உயிராபத்தாக முற்றக்கூடும்; வலிப்பு, அசாதாரணத் தூக்கம், நீர்கூடக் குடிக்க இயலாமை ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. ஏற்கெனவே கொடுத்த மருந்தைப் பற்றி மறைக்காமல் சொல்லுங்கள். துரிதப் பரிசோதனைப் பட்டைகளில் சில, நோய் தீர்ந்த பின்னரும் வாரக்கணக்கில் மலேரியா இருப்பதாகவே காட்டும் என்பதால், நுண்ணோக்கியில் ரத்தத்தைப் பார்ப்பதே இப்போது நம்பகமானது.

காய்ச்சல் இறங்கியதை வைத்து மருந்து நல்லதென்று முடிவுசெய்ய இயலாது. போலி மாத்திரைகள் சிலவற்றில் பாராசிட்டமால் கலந்திருந்தது கண்டறியப்பட்டுள்ளது. அது உடல் சூட்டைத் தணித்துப் பெற்றோரை நிம்மதியடையச் செய்ய, ஒட்டுண்ணியோ ரத்தத்தில் தடையின்றிப் பெருகும். இதைவிடக் கொடிய ஏமாற்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தென்கிழக்கு ஆசியாவில் பரவிய, ஆர்ட்டிசுனேட் என்னும் மலேரியா மருந்தின் போலி மாத்திரை அட்டைகளில் ஹோலோகிராம் முத்திரைகூட நகலெடுக்கப்பட்டிருந்தது. சிலவற்றில் உண்மையான மருந்தே மிகச் சிறிதளவு சேர்க்கப்பட்டிருந்தது. அந்த அளவு நோயைக் குணப்படுத்தாது. மருந்தை எதிர்த்து நிற்கும் ஒட்டுண்ணிகள் பெருகவே வழிசெய்யும். ஆகவே எழுத்துப்பிழை, மங்கிய அச்சு, பொருந்தாத பேட்ச் எண் ஆகியவை சந்தேகத்துக்குக் காரணமாகலாமே தவிர, அவை இல்லாததால் மாத்திரை அசலாகிவிடாது. உறுதியான விடை ஆய்வகத்திலேயே கிடைக்கும்.

போலி மருந்து மட்டுமே காரணம் என்றும் சொல்வதற்கில்லை. விழுங்கியவுடன் வாந்தி எடுத்திருக்கலாம், வேளை தவறியிருக்கலாம். ஆர்ட்டிமீத்தர்-லூமிஃபேன்ட்ரின் என்னும் மலேரியா கூட்டு மாத்திரையைக் கொழுப்புள்ள உணவோ பாலோ இல்லாமல் கொடுத்தால், அது உடலில் சரியாகச் சேராது.

ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் ஏறத்தாழ பத்தில் ஒரு மருந்து தரமற்றது அல்லது போலியானது என உலக சுகாதார நிறுவனம் 2017இல் மதிப்பிட்டது. கையில் பணமும் அருகில் மருத்துவமனையும் இல்லாதவர் சந்தைக்குப் போவதை அறியாமை என்று பழிப்பது நியாயமன்று. இருப்பினும் உரிமம் பெற்ற மருந்தகத்திலோ அரசு சுகாதார நிலையத்திலோ வாங்க வழியிருந்தால், அட்டையிலிருந்து பிரித்த உதிரி மாத்திரைகளை ஏற்காமல் முழு அட்டையாகவே கேளுங்கள். இப்போது மீந்துள்ள மாத்திரைகளை எவருக்கும் கொடுக்காமலும் எறியாமலும், அட்டை, பெட்டி, ரசீது ஆகியவற்றோடு மருத்துவரிடம் ஒப்படைத்து, மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள்.