பெட்டி மாலையில்தான் வரும்

கேள்வி: நான் பாளையங்கோட்டையில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வயது 63. அட்லாண்டாவில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறோம். மயாமியிலிருந்து ஏழு நாள் கரீபியன் தீவுகளுக்குப் போகும் கப்பலில் எங்களுக்கும் சேர்த்து மகளும் மருமகனும் பதிவு செய்துவிட்டார்கள். என் கணவருக்கு 69 வயது, இன்சுலின் போட்டுக்கொள்கிறார். நாங்கள் சைவம். திருச்செந்தூரில் கரையில் நின்று கடலைப் பார்த்ததோடு சரி. முதல் நாளை நினைத்தாலே எனக்குப் படபடப்பாக இருக்கிறது. "ஏறியதும் ஆபத்துக்காலப் பயிற்சி என்றால், ஆபத்து இருக்கிறது என்றுதானே அர்த்தம்?" என்று அவர் வேறு கேட்கிறார். என்ன செய்ய வேண்டும்?

பதில்: அன்புள்ள அம்மா, உங்கள் படபடப்பில் முக்கால் பங்கு, கைப்பையில் எதை வைப்பது என்று முந்தைய இரவே முடிவு செய்துவிட்டால் தீர்ந்துவிடும். துறைமுக வாசலில் உங்கள் பெரிய பெட்டிகளை, அறை எண் அச்சிட்ட அட்டையைக் கட்டி, போர்ட்டர்கள் வாங்கிக்கொள்வார்கள். அவை சோதனைக் கருவியைக் கடந்து, ஆயிரக்கணக்கான மற்ற பெட்டிகளோடு சேர்ந்து, உங்கள் கேபின் வாசலுக்கு வந்து சேர மாலையாகிவிடும், சில சமயம் இரவு எட்டு மணிகூட ஆகும். நான் முதன்முறை போனபோது இது தெரியாமல், மாற்றுத்துணி, மாத்திரை, கண்ணாடி அனைத்தையும் பெட்டியில் பூட்டி அனுப்பிவிட்டு, விமானத்தில் வந்த கசங்கிய சட்டையோடு இரவு உணவுக்கு உட்கார்ந்தேன். சட்டை கசங்கியதால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை, ஆனால் உங்கள் கணவரின் இன்சுலின் அப்படிப் போகக்கூடாது. இன்சுலின், ஊசி, சர்க்கரை பார்க்கும் கருவி, மருத்துவரின் சீட்டு, பாஸ்போர்ட், ஒரு மாற்றுடை, இரண்டு பாக்கெட் பிஸ்கட் ஆகியவை உங்கள் தோளிலேயே இருக்கட்டும். பிஸ்கட் எதற்கென்றால், வரிசை நீளமாக இருக்கும் நாளில் மதிய உணவு தள்ளிப்போகும், இன்சுலின் போட்டவர் அதற்காகக் காத்திருக்க முடியாது. பல கப்பல்களில் கேபினிலேயே சிறிய குளிர்பெட்டி உண்டு. அது அவ்வளவாகக் குளிராது என்பதால், மருந்து வைக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டால் சரியான குளிர்பெட்டியை ஏற்பாடு செய்து தருவார்கள்.

பயண ஆவணங்களை மகள் பார்த்துக்கொள்வார் என்றாலும் ஒன்றை நீங்களே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கப்பல் அமெரிக்காவை விட்டு வெளியே போய்த் திரும்பி வருவதால், பலமுறை நுழைய அனுமதிக்கும் விசா உங்கள் இருவருக்கும் திரும்பும் நாள் வரை செல்லுபடியாக இருக்க வேண்டும். தீவுகளின் விசா விதிகள் நாட்டுக்கு நாடு மாறுபவை, அவற்றைக் கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குவதே நல்லது.

ரைஸ் குக்கர், மின்கெட்டில், இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றை அட்லாண்டாவிலேயே விட்டுவிடுங்கள். நடுக்கடலில் தீயைவிடப் பெரிய பயம் வேறில்லை என்பதால், சூடேறும் சாதனங்களைச் சோதனையில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். வீட்டில் செய்த புளியோதரைக்கும் பெரும்பாலும் அனுமதி கிடைக்காது, முத்திரை பிரிக்காத பாக்கெட் தின்பண்டங்களைப் பொதுவாக விட்டுவிடுவார்கள். அதற்காகக் கவலைப்பட வேண்டாம். அங்கே வேலை செய்பவர்களில் இந்தியர்கள் ஏராளம். முதல் நாள் இரவே பெரிய உணவுக்கூடத்தின் தலைமைப் பரிமாறுநரிடம் சைவம் என்று சொல்லி, மறுநாளைக்கு இந்தியச் சாப்பாடு கிடைக்குமா என்று கேளுங்கள். பல கப்பல்களில் முந்தைய நாள் சொல்லிவிட்டால் பருப்பும் சாதமும் காய்கறிக் குழம்பும் மேசைக்கு வந்துவிடும். ரசத்தின் மீது மட்டும் நம்பிக்கை வைக்காதீர்கள். உணவுக்கு இரண்டு பந்தி இருந்தால், கணவரின் மருந்து நேரத்தை உத்தேசித்து மாலை ஆறு மணியை ஒட்டிய முதல் பந்தியைக் கேட்டு வாங்குங்கள். உண்பதற்கு முன் சோப்பும் தண்ணீரும் கொண்டு கை கழுவுங்கள். கப்பல்களில் வாந்தி பேதியைப் பரப்பும் நோரோ வைரஸுக்கு வாசலில் வைத்திருக்கும் சானிடைசர் சரியான பதிலல்ல. இன்னொன்று, கேபின் கழிவறையில் காகிதம் மட்டுமே இருக்கும், ஒரு பிளாஸ்டிக் குவளையைப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். இதை எந்தப் பயணக் கையேடும் சொல்வதில்லை.

இனி உங்கள் கணவரின் கேள்வி. 2012 ஜனவரி 13 அன்று இரவு, கோஸ்டா கான்கார்டியா என்ற கப்பல் இத்தாலியின் ஜிலியோ தீவருகே பாறையில் மோதிச் சாய்ந்து, 32 பேர் இறந்தார்கள். அன்று மாலைதான் சிவித்தவெக்கியா துறைமுகத்தில் ஏறிய பல நூறு பேருக்கு அதுவரை பயிற்சி நடக்கவில்லை. ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதே அப்போதைய விதி. அதற்குப் பிறகு சர்வதேச விதி திருத்தப்பட்டு, 2015 ஜனவரி 1 முதல் கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சியை முடித்தாக வேண்டும் என்றாயிற்று. ஆகவே அந்தப் பயிற்சி ஆபத்து வரப்போவதன் அறிகுறி அல்ல, வந்தபோது பட்டதிலிருந்து கற்ற பாடம் என்று அவரிடம் சொல்லுங்கள். இப்போது பல கப்பல்களில் விளக்கப்படத்தைப் போனிலோ கேபின் தொலைக்காட்சியிலோ பார்த்துவிட்டு, உங்கள் கேபின் அட்டையில் அச்சிட்டிருக்கும் கூடுமிடத்துக்கு நேரில் போய் அட்டையைக் காட்டினால் போதும். ஏழு குறுகிய ஊதல், பிறகு ஒரு நீண்ட ஊதல், இதுதான் அபாய ஒலி. கூடுமிடத்துக்கு லிஃப்டில் போகாமல் இருவரும் ஒருமுறை படிகளில் நடந்து பார்த்துவிடுங்கள். அவருடைய முழங்காலுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பது தெரிந்திருப்பது நல்லது.

தலைசுற்றல் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இரவில் கேட்பீர்கள். மயாமியை விட்டதும் கப்பல் ஃப்ளோரிடா நீரிணையில், வடக்கு நோக்கி ஓடும் வளைகுடா நீரோட்டத்துக்குள் நுழைகிறது. வடக்கிலிருந்து காற்று வீசும் நாளில், எதிரெதிராகப் போகும் காற்றும் நீரும் முட்டிக்கொண்டு அலைகளைச் செங்குத்தாக்கிவிடும். கேபின் இன்னும் முடிவாகவில்லை என்றால், ஆட்டம் குறைவாக இருக்கும் கீழ்த்தளத்து நடுப்பகுதியைக் கேளுங்கள். குமட்டலுக்கான மாத்திரையை, குமட்டல் தொடங்கும் முன்பே போட்டால்தான் பயன். அவை தூக்கம் வரவழைப்பவை, கண் அழுத்தமோ புராஸ்டேட் தொல்லையோ உள்ளவர்களுக்கு ஒத்துக்கொள்ளாமலும் போகலாம் என்பதால், உங்கள் கணவர் மருத்துவரிடம் கேட்டுவிட்டே போட்டுக்கொள்ளட்டும்.

செலவில் ஒரு எச்சரிக்கை. கேபின் அட்டையே பணப்பை என்பதால் செலவு கண்ணுக்குத் தெரியாது. டிப்ஸ் தலைக்கு நாளொன்றுக்குச் சுமார் 16 முதல் 20 டாலர் வரை தானாகவே கணக்கில் ஏறும். போனைக் கரையிலேயே ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள், கப்பலின் செல்போன் கோபுரத்தோடு அது தானாக இணைந்துகொண்டால் வரும் பில், மருமகனிடம் சொல்லக் கூசும் அளவுக்கு இருக்கும்.

பகல் ஒரு மணிக்குப் பிறகுதான் பொதுவாகக் கேபின்களைத் திறந்துவிடுவார்கள். அதற்குள் கப்பல் முழுவதையும் சுற்றிப் பார்த்துவிட வேண்டும் என்று ஓடாதீர்கள், ஏழு நாள் இருக்கிறது. சாப்பிட்டு, பயிற்சியை முடித்து, இருவரும் ஒரு மணி நேரம் படுத்து எழுந்திருங்கள். மாலை நான்கு ஐந்து மணிவாக்கில் கப்பல் கிளம்பும்போது மேல்தளத்தில், கப்பல் போகும் திசைக்கு இடப்பக்கமாக இடம் பிடியுங்கள். கவர்ன்மென்ட் கட் என்ற குறுகிய கால்வாய் வழியாகக் கப்பல் வெளியேறும்போது, அந்தப் பக்கத்தில் மயாமி பீச்சின் தென்முனைப் பூங்காவில் நிற்பவர்கள், முன்பின் தெரியாத உங்களுக்குக் கையசைப்பார்கள். நீங்களும் அசையுங்கள். சற்றுத் தள்ளி, திறந்த கடலில், ஒரு சிறிய படகு கப்பலின் விலாவை ஒட்டி ஓடி வரும். உங்கள் கப்பலின் அடிப்பகுதியில் ஒரு கதவு திறக்க, துறைமுகத்திலிருந்து வழிகாட்டி வந்த பைலட் அதிலிருந்து அந்தப் படகுக்குத் தாவி இறங்கிப் போவார். அதைக் கணவருக்குக் காட்டுங்கள், படகுகளைப் பற்றி அவர் அடுத்துக் கேட்கப்போகும் கேள்விகளுக்கு மருமகன் பதில் சொல்லிக்கொள்ளட்டும்.